பாக்கித் தூரம்

“யம்மா, அந்த அண்ணன் ஓடுனா நம்ம ஸ்கூலுக்கு எப்டிமா வண்டி வரும்?”

தேவதர்ஷினி இதைக் கேட்டது பொன்னேரி ரயில் நிலையப் படிக்கட்டில், அம்மாவின் இடுப்பில் இருந்தபடி. ஒன்பது வயதுப் பிள்ளையைச் சுமந்து படியேறிய திலகவதிக்கு மூச்சு வாங்கியது. கால் ஊன்ற முடியாத பிள்ளைகள் படிக்கிற அந்தச் சின்னப் பள்ளிக்கு ஒரு வேன் வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அவள் கூட்டிப் பெருக்குகிற இரும்பு ஆலைக்கு வேன் வாங்கித் தரும் வசதி இருக்கிறது. நடுவில் ஒருவன் நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு ஒரு மாரத்தான் ஓட வேண்டும் என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். நாலையும் முடித்தால் ஊரார் தரும் நன்கொடையோடு மீதியை ஆலை போடும். ஒன்றில் நின்றுவிட்டால் ஆலையின் பங்கு கிடையாது.

“குடுக்குறவன் குடுத்துட்டுப் போவ வேண்டியதுதான? நாய்க்கு பிஸ்கட்டு காட்டுற மாதிரி இன்னாத்துக்கு ஓட வுட்றான்?” என்றாள் திலகவதி.

“வர்ற வண்டிய வாயாலயே தொரத்தாதடி,” என்றாள் கூடப் படியேறிய கங்கம்மா. அவள் மகனும் அதே பள்ளிதான்.

ஓடப்போகிறவன் லோகநாதன், ஆலையில் இன்ஜினியர். மூன்று மாதமாகத் தொழிற்பேட்டைச் சாலையில் பயிற்சி. இரவு ஷிப்ட் முடிந்து, கண்ணெல்லாம் சிவந்து, டிபன் கேரியரோடு வெளியே வருகிற கூட்டத்துக்கு நடுவே அரைக்கால் சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக அவன் எதிரே ஓடி வருவான். “பர்னஸ் கிட்ட ஒரு ஷிப்ட் நில்லு சார், கொழுப்பு தானா கரைஞ்சிடும்!” என்று யாராவது கத்துவார்கள். அவன் கையசைத்துவிட்டு ஓடுவான். துடைப்பத்தை ஊன்றி நின்று திலகவதி பார்ப்பாள். ஓடிப் பிடிக்க ஒரு பஸ்கூட இல்லாதவன் ஓடுகிற ஓட்டம் என்று தோன்றும்.

அவனைவிட அவளுக்கு ஆகாதவர் சந்திரமோகன், ஆலையின் சமூகநலப் பிரிவு அதிகாரி. பேனரில் பிள்ளைகளின் முகங்களைப் பொட்டு மாதிரி அச்சடித்து, தன் முகத்தைத் தாம்பாளம் மாதிரி போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் தாய்மாரும் ஆலையின் பெயர் போட்ட பனியனோடு வழியில் நின்று ஓட்டக்காரனுக்குத் தண்ணீர் தர வேண்டும் என்பது அவருடைய யோசனைதான். அந்தப் பிள்ளைகளில் ஒன்றைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட அவரால் முடியாது. ஏழைக்குக் கொடுப்பது சாமிக்குக் கொடுப்பது என்பார்கள். சாமியை வெயிலில் நிறுத்திப் படம் பிடிக்கும் வழக்கம் எந்தக் கோயிலிலும் இல்லை.

ஓட்டத்தின் மூன்றாம் நாள் ஆடி ஞாயிறு. பெரியபாளையம் சாலையெங்கும் மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாகக் கூட்டம். அம்மனுக்கு நடக்கிறவர்களின் சுட்ட கால்களில் ஊற்றுவதற்காக, அந்தந்த ஊர்ப் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்திருந்தார்கள். அப்படி ஒரு குடத்தை ஒட்டித்தான் தேவதர்ஷினியின் சக்கர நாற்காலியை நிறுத்தியிருந்தார்கள்.

“சார், பாப்பாவ ஒரு நிமிசம் அப்பால இட்டுனு போறேன்,” என்று திலகவதி இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

“கேமராக்காரன் வந்துக்கினே இருக்கான்மா. சும்மா பேஜாரு பண்ணாத.”

கேமரா வந்தபோது நேரம் கடந்துவிட்டது. வெளிர்நீலப் பாவாடையில் ஈரம் பரவியிருந்தது. பிள்ளை இரண்டு கைகளையும் மடியில் விரித்து மறைக்கப் பார்த்தாள். அழவில்லை. அழுதால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று தெரிகிற வயது.

லோகநாதன் ஓடி வந்து, சொல்லித் தந்திருந்தபடி அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கக் குனிந்தான். கண் ஒரு நொடி தாழ்ந்தது. அடுத்த நொடி அவன் முழங்கை குடத்தில் இடித்தது. மஞ்சள் தண்ணீர் மொத்தமும் பிள்ளையின் மடியிலும் அவன் ஷூவிலும் கொட்டியது.

“ஐயோ, சாரி பாப்பா! கை தவறிடுச்சு.”

“கண்ணு தெரியலயாய்யா? ஷாட்டே போச்சு!” சந்திரமோகன் கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாற்று ஷூ இருந்த கார் எங்கோ முன்னால் போயிருந்தது. ஈர ஷூ சளக் சளக் என்று அடிக்க அவன் ஓடிப்போனான். திரும்பி திலகவதியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள், கடைசி ஓட்டத்தில், தண்ணீர் தர அவளுக்கு ஒதுக்கிய இடம் கவரைப்பேட்டை தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் வாசல். பிள்ளைகள் எல்லாரையும் ஆலை கேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெயில் ஏறியபின் வந்தான் லோகநாதன். பாதத்தின் ஓரங்களை மட்டும் ஊன்றி, தணலில் நடப்பவன்போல வந்து பங்க் சுவரோரம் உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றியபோது, நேற்று ஈரத்தில் ஊறிய தோலும் சாக்ஸோடு வந்தது. திலகவதி கொண்டுவந்த தண்ணீரைக் காலில் ஊற்றினாள்.

பின்னாலேயே சந்திரமோகனின் கார். அவர் காலைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தார். “எம்.டி. கேட்ல நிக்குறாரு. வண்டில ஏறு. கேட்டுக்கு முன்னால வளைவுல எறக்கி வுட்றேன், அங்கருந்து ஓடி வா.”

“அது பொய் சார். நான் நடந்தாவது வந்துட்றேன்.”

“நீ வர்ற வரைக்கும் அவரு நிப்பாரா? நீ பண்றது பொய்யாவே இருக்கட்டும். அங்க நிக்குற வேன் நெஜம்தானய்யா?”

லோகநாதன் திலகவதியை நிமிர்ந்து பார்த்தான். வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். படிக்கட்டு நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தவன், “பாக்கி இருக்குது அக்கா,” என்றான். அவனை ஏற்றிக்கொண்டு கார் கிளம்பியது.

கேட்டில் மேளம், மாலை, ரிப்பன் கட்டிய வேன் எல்லாம் இருந்தன. ஒரு காலடிகூட ஓடாத சந்திரமோகன் மைக்கில் மூச்சு வாங்கினார். மாலைக்குள் லோகநாதன் தலை குனிந்திருந்ததை அடக்கம் என்று மறுநாள் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள்.

அந்த மறுநாள் காலையில் வேன் தெருமுனைக்கே வந்து தேவதர்ஷினியை ஏற்றிக்கொண்டு போனது. இடுப்பில் பிள்ளை இல்லாமல் திலகவதி வழக்கமான ரயிலில் ஏறி, வழக்கமில்லாத கவரைப்பேட்டையில் இறங்கினாள். அம்மனுக்கு நடக்கிறவர் வழியில் விழுந்துவிட்டால், அவர் விட்ட இடத்திலிருந்து சொந்தக்காரர் ஒருவர் நடந்து முடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். விழுந்தவரிடம் அதைச் சொல்வதில்லை. சொன்னால் குத்திக்காட்டியது போலாகிவிடும்.

பங்க் சுவரோரம் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பெரியபாளையத்தாளை ஒரு தடவை நினைத்துக்கொண்டு வடக்கே நடக்கத் தொடங்கினாள். கம்பி ஏற்றிய லாரிகள் மண்ணை வாரி இறைத்துப் போயின. ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. “கும்முடிபூண்டியா? வா யக்கா, எடம் கீது.” அவள் தலையை ஆட்டி அனுப்பிவிட்டாள். போகப் போகத் தார் சுட்டது. இடையில் நிற்கவில்லை.

ஆலை கேட்டில் ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் பார்க்கிற நேரமல்ல அது. நின்றிருந்த லாரி ஒன்றின் நிழலில் ஒதுங்கி, ஒரு காலை மற்றொன்றின்மேல் வைத்து உள்ளங்காலைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். தார்க் கறுப்பு போகவில்லை. அதன்மேலேயே செருப்பை மாட்டினாள். அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வரிசையில் கடைசியாக நின்றாள்.