லூஷியஸ் விட்டுவைத்த நாலு எண்ணிக்கை

அமெரிக்காவின் செடாலியா ஊரில் யாரிடமாவது 'ரேக்டைம்' என்று சொல்லிப் பாருங்கள். வைக்கோல் தொப்பி, கோடு போட்ட கோட்டு, ஐஸ்கிரீம் வண்டி, இவ்வளவுதான் ஞாபகம் வரும். கறுப்பர்கள் அந்தப் பியானோ இசையை வளர்த்த ஊருக்கே இந்தக் கதி. இதை மறந்துபோய் வெர்டெல், "எங்க வீட்டுக்காரர் அடக்கத்துக்கு ரேக்டைம் வாசிக்க ஆள் வேணும்" என்று போனில் சொல்லித் தொலைத்தாள்.

பியானோக்காரன் கோர்ட்னி தொப்பியும் கோடு போட்ட கோட்டுமாகத்தான் தேவாலயத்தில் வந்து நின்றான்.

"என்ன அண்ணி, சர்க்கஸ்காரனக் கூட்டியாந்திருக்கீங்க?" என்றாள் நாத்தனார் ஓபல்.

"வாய மூடுடி. கை நல்லா இருந்தாப் போதும்."

வீட்டுக்காரர் லூஷியஸ் எழுதிய ஒரே உருப்படியின் தாளை அவனிடம் கொடுத்தாள் வெர்டெல். ஐம்பது வருடம் முன்பு, அவர்களுடைய மூன்று மாதக் குழந்தை டேரல் இறந்த வாரத்தில் எழுதியது. அச்சேறவில்லை. கடைசிப் பத்து வருடம் விரல் மடங்காமல் அவரும் வாசிக்கவில்லை. மனுஷன் மண்ணுக்குள் போகுமுன், அவர் வாசித்த மாதிரியே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

கோர்ட்னி அடித்து நொறுக்கினான். தேவாலயமே கால் தாளம் போட்டது. யாரோ சிரிக்கவும் செய்தார்கள். வெர்டெல் எழுந்து பியானோ அருகே போனாள்.

"நடுவுல ஒரு இடம் வெறுமனே கிடந்துச்சும்மா," என்றான் அவன் பெருமையாக. "ஐயா எழுத மறந்துட்டார் போல. நான் நிரப்பிட்டேன்."

"மறக்கல தம்பி," என்றாள் அவன் காதோடு. "அங்க ரெண்டு கையையும் எடுத்துருவாரு. நாலு எண்ணுற நேரம். எம் புள்ள மூச்சு நின்ன இடம் அது."

அவன் முகம் செத்துப்போயிற்று. தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"மறுபடி வாசிக்கட்டுமாம்மா?"

"வாசி. நடந்து போற வேகத்துல."

இந்தத் தடவை இடது கை நிதானமாக நடந்தது. வலது கை அரை அடி பின்தங்கி, இழுத்து இழுத்துக் கூடவே வந்தது. அப்படியே லூஷியஸ்தான். வெர்டெல் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடம் வந்தது. கோர்ட்னி இரண்டு கையையும் தூக்கினான். ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணினாள்.

பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. முதலில் தட்டியது ஓபல், டேரலின் சொந்த அத்தை.