பொட்டு நிற்காத தகடு

1.

இந்தக் கதை ஒரு வெற்றுப் பக்கத்தால் பிறந்தது. துறைமுகத்தடி வேலைத்தளத்தில் நாளைக்கு லேசர் மெசின் திறப்பு விழா. விழா மலருக்கு வரவேண்டிய ஒரு வாழ்த்துச் செய்தி வரவில்லை. (வாழ்த்த மனமில்லையா, எழுதிக் கொடுக்க ஆளில்லையா, தெரியாது.) விழாக் குழுத் தலைவர் சோமசேகரம் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு பக்கம் நிரப்பித் தாரும். விஞ்ஞானமும் வேணும், கலையும் வேணும். என்ர பேரும் ரெண்டு இடத்தில வரட்டும்."

ஒன்று வந்துவிட்டது.

2.

தொடக்கம் ஒன்று: "தாமரை இலையில் உருளும் நீர்த்துளி போல..." (நிறுத்திவிட்டேன். தமிழில் தண்ணீர் உருண்டால் தாமரை இலை வந்தே தீரவேண்டுமா?)

தொடக்கம் இரண்டு: "உராய்வே வாழ்க்கை! உராய்வில்லா உறவு..." (இதைத் தலைவரின் உரைக்குக் கொடுத்துவிட்டேன். நாளைக்குக் கேட்பீர்கள்.)

தொடக்கம் மூன்று: இன்று பின்னேரம் ஒத்திகைக்குப் போனேன்.

இது போதும்.

3.

பொறியியலாளர் ஜெயரூபி மேசையில் ஓர் உருக்குத் தகட்டை நிமிர்த்தி வைத்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை லேசரால் பொறித்த தகடு. தண்ணீர் விட்டால் நனையாது, உருண்டு ஓடும். இதே மெசினால் எஞ்சின் சிலிண்டரின் உட்சுவரில் குழிகள் போட்டால் அவற்றில் எண்ணெய் தங்கும், தேய்வு குறையும். அதற்காகவே படகுக்காரர் றிப்தி கிண்ணியாவிலிருந்து தன் படகு எஞ்சினின் சிலிண்டரைச் சுமந்து வந்து வாசலில் குந்தியிருந்தார்.

நாளைக்குப் பிரதம விருந்தினர் தகட்டில் தண்ணீர் உருள்வதைப் பார்த்து அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால் மெசின் இங்கே நிற்கும். இல்லையேல் கொழும்புக்கே திரும்பிவிடும்.

தலைவர் பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தொட்டுத் தகட்டின் நடுவில் ஒரு பொட்டு வைத்தார். பொட்டு வழுக்கி மேசை விரிப்பில் விழுந்தது. இன்னொன்று வைத்தார். அதுவும் விழுந்தது. மூன்றாவது அவருடைய வேட்டியில்.

"என்ன பிள்ளை இது?"

"வேலை செய்யுது ஐயா!" ஜெயரூபிக்கு வாயெல்லாம் பல்.

"பொட்டு நிக்காத சாமானை எப்பிடித் திறக்கிறது? விருந்தினர் பொட்டு வைக்கேக்கதானே ஃபோட்டோ!"

"பின்பக்கம் வையுங்கோவன். அங்கால வெறும் உருக்குத்தான்."

"பின்பக்கத்தை ஆர் ஃபோட்டோ எடுக்கிறது?"

வாசலிலிருந்து றிப்தி சொன்னார்: "ஐயா, என்ர எஞ்சினிலயும் இப்பிடி வழுக்கினா எனக்குச் சந்தோசம்தான்."

4.

(இந்த இடத்தில் விஞ்ஞானம் சடங்கை வெல்வதாக ஒரு பந்தி எழுதி வெட்டிவிட்டேன். ஜெயரூபிக்கு வெற்றி வேண்டாம், மெசின் வேண்டும்.)

"பொட்டளவுக்கு மட்டும் தேய்ச்சு மட்டமாக்கிறன் ஐயா. அதில நிக்கும்."

தலைவர் மகிழ்ந்தார். பிறகு யோசித்தார்.

"சந்தனம் வைச்சா குங்குமமும் வேணுமே. கொஞ்சம் அகலமா?"

"சரி ஐயா."

"விருந்தினரின்ர பேர் ஒட்ட ஒரு இடம்?"

"ம்."

"அதுக்குக் கீழ என்ர பேர். சின்னதாத்தான்."

"ஐயா, இருக்கிறது ஒரு தகடு. எல்லாத்தையும் தேய்ச்சா தண்ணி எங்க உருளுறது?"

"மூலையில உருளட்டும் பிள்ளை. தண்ணிக்கு என்ன மரியாதைக் குறைவு?"

5.

முடிவு அ: ஜெயரூபி பொட்டளவோடு நிறுத்திவிடுகிறார். துளிகள் பொட்டைச் சுற்றி உருண்டு ஓட, விருந்தினர் பேனா கேட்கிறார். (அழகாக இருக்கிறது. அதனால்தான் எனக்குச் சந்தேகம்.)

முடிவு ஆ: மூலை மட்டும் மிஞ்சுகிறது. விருந்தினர் நனைந்த தகட்டைப் பார்த்து, "இது என்ன, சாதாரணத் தகடா?" என்று கேட்க, றிப்தி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு...

அச்சகத்திலிருந்து ஃபோன் கோல் எடுக்கிறார்கள். பக்கத்தை இப்போதே அனுப்ப வேண்டுமாம். ஒத்திகையிலிருந்து நான் வெளிக்கிடும்போது தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெயரூபியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார் தலைவர்.

ஆகவே முடிவு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். யாரோ ஒருவரின் உரைக்கு நடுவே வேலைத்தள மண்டபத்தில் இருந்துகொண்டுதான் இதை வாசிக்கிறீர்கள். தலையை நிமிர்த்தி மேடையிலுள்ள தகட்டைப் பாருங்கள். தலைவர் தன் பெயரை இரண்டு இடத்தில் கேட்டார், நான் ஓரிடத்தில்தான் போட்டிருக்கிறேன். மற்றது அங்கே இருக்கிறதா?

இருந்தால், வாசலில் சிலிண்டரோடு இருப்பவருக்குக் கிண்ணியா பஸ் எத்தனை மணிக்கென்று சொல்லிவிடுங்கள்.

இல்லையென்றால் இப்போதே கைதட்டுங்கள். உரை முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.