கை சூடேறும் வரை

1

"அம்மா, பயந்தா எலிக்கும் வயித்தக் கலக்குமா?"

பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிச் சிறுமி கேட்ட கேள்வி இது. "கலக்கும் கண்ணு. அதான் பெட்டியெல்லாம் அந்த நாத்தம்" என்றாள் தாய். இருவரும் சிரித்தார்கள். அந்தத் தாய் எலிகளை வைத்து ஆய்வு செய்பவள் என்று பிறகு பேச்சில் தெரிந்தது. இந்தக் கதைக்கு எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கற்பனை. [படிக்க நேர்ந்தால் அவர்கள் மன்னிக்கட்டும்.]

2

'பயமும் போதையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்' என்று முதலில் தொடங்கினேன். கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையா என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவளுடைய ஆய்வுக்கூடத்தில் சில எலிகளைக் குறுகலான குழாய்க்குள் கொஞ்ச நேரம் அடைத்து வைப்பார்கள். அசைய முடியாத பயத்தில் அவற்றின் ரத்தத்தில் ஒரு சுரப்பு ஏறும். பிறகு போதை தரும் ஊக்க மருந்தை ஊசியில் போட்டுக் கூண்டில் விடுவார்கள். அடைபடாத எலிக்கும் அதே மருந்து, அதே அளவு. ஆனால் அடைபட்டதுதான் பேய் பிடித்ததுபோல ஓடும்.

அவள் அடைத்த எலிகள் மட்டும் அப்படி ஓடவில்லை.

"என்னம்மா, உன் எலியெல்லாம் ரிட்டையர் ஆனவங்க மாதிரி வாக்கிங் போகுது?" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். "குழாய்ல போடுறதுக்கு முன்னாடி என்ன பண்ற?"

"ஒண்ணுமில்ல சார். தினமும் வெந்நீர்ல கையக் கழுவிட்டு, ஒவ்வொண்ணையும் கொஞ்சம் நெஞ்சோட வச்சிருப்பேன். ஜில்லுனு தொட்டா பாவம்ல."

"கெடுத்த போ! தாலாட்டும் பாடுனியா?"

"இல்ல சார். என் குரலக் கேட்டா கூடப் பயந்திருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் முதல்லேர்ந்து பண்ணு" என்றார்.

3

அவளுக்கு ஒரு தம்பி. அதே வகை மருந்தை மாத்திரையாக விழுங்கிப் பழகியவன். [அவனை எலியோடு ஒப்பிட்டு ஒரு வாக்கியம் எழுதினேன். அடித்துவிட்டேன். ஆண்டவன் முன்னால் அதை வாசித்துக்காட்ட எனக்குத் துணிவில்லை.]

மறுவாழ்வு இல்லத்திலிருந்து அவன் திரும்பும்போதெல்லாம் வாசலிலேயே நிறுத்தி, பையைக் கொட்டி, சட்டைப்பையைத் துழாவி, கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பாள்.

"சத்தியமா ஒண்ணும் இல்லக்கா."

"வாய மூடு. காட்டு."

சில நாளில் அவன் காணாமல் போவான். "நான்தான் சொன்னேன்ல" என்பாள் அவள்.

அவன் விழுந்ததற்கு இதுதான் காரணம் என்று எழுதினால் பொய். விழுந்ததில் அவன் பங்கும் உண்டு. ஆனாலும் அந்தக் குழாயை அவள் தன் வீட்டு வாசலிலும்...

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தலைவர் திட்டிய அன்று அவளே அதை மனதுக்குள் முடித்துக்கொண்டாள்.]

இன்று அவன் மறுபடி வருகிறான். இன்னொரு முறை பழக்கத்துக்குத் திரும்பினால் இதயம் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

4

ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும். இந்த வேலைக்கான நேர்காணலன்று அறைக்கு வெளியே அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். துணைக்கு வந்த தம்பி அவள் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தான்.

"என்னக்கா, பொணம் மாதிரி ஜில்லுனு இருக்கு! இப்படியே உள்ள போனா வேலை தர மாட்டாங்க, மாலைதான் போடுவாங்க."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். வெந்நீரில் கை கழுவும் பழக்கம் அங்கிருந்து வந்தது. கொடுத்தவனைத்தான் மறந்துபோனாள்.

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் மீண்டும் போய்விடுகிறான். இன்னொன்றில் தேறி, வேலைக்குப் போய், அக்கா மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். இரண்டையும் கிழித்துவிட்டேன். அது அவனும் ஆண்டவனும் அறிய வேண்டியது. நீங்கள் வேண்டுமானால் ஒன்றை மனதுக்குள் வேண்டிக்கொள்ளுங்கள், வேண்டுவதில் தப்பில்லை.

எனக்குத் தெரிவது பிற்பகல் மட்டும்தான். மகள் பள்ளியில் இருக்கிறாள். அழைப்பு மணி அடிக்கிறது. அவள் வாசலுக்குப் போகாமல் சமையலறைக்குப் போய் வெந்நீர்க் குழாயைத் திறக்கிறாள்.

"அக்கா, நான்தான்."

"வரேன்டா. ஒரு நிமிஷம்."

கதவு திறக்கிறது. கேட்பதற்கு முன்பே அவன் பையின் ஜிப்பைத் திறந்து நீட்டுகிறான். அதை வாங்கி, பார்க்காமல், மூடிச் சுவரோரம் வைக்கிறாள். பிறகு அவன் கைகளைப் பிடிக்கிறாள். ஜில்லென்று இருக்கின்றன.

இதற்கு மேல் நாம் அங்கே நிற்பது மரியாதையில்லை. நான் பேனாவை மூடிவிட்டேன். நீங்களும் தயவுசெய்து திரும்பிக்கொள்ளுங்கள்.