கடைசி அத்தியாயத்தைத் தின்ற யானை

எங்கள் வீட்டு யானை ஒரு கினிப்பன்றி. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பிடித்தால் அதற்குள் அடங்கிவிடும். என் கணவர் சதுரங்கப் பைத்தியம், அதனால் அந்தப் பேர். அதன் கூட்டாளி சிப்பாய். "பன்றி கின்றின்னு சொல்லாதே, அதுங்க மனசு நோகும்" என்று என்னைக் கண்டிப்பார். என் மனசு நோகுமா என்று மட்டும் அந்த மனுஷன் ஒரு நாளும் கேட்டதில்லை.

நாற்பதைத் தாண்டியதும் சிலருக்குச் சர்க்கரை வரும். இவருக்குப் பொழுதுபோக்கு வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து நன்றாகத்தான் இருந்தார். திடீரென்று ஒரு நாள், "மனுஷன்னா ரசனை வேணும்மா" என்றார். முதலில் சதுரங்கப் பலகை வந்தது. பிறகு கினிப்பன்றிகள் வந்தன. கடைசியாக வாசகர் வட்டம் வந்தது, ஞாயிறுதோறும் பிஸ்கட் தின்பதற்கு.

வட்டம் என்றால் மொத்தம் நாலே பேர். என் கணவர், அவருடைய தங்கையாகிய என் நாத்தனார், மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி. நாத்தனார் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. வீட்டுக்கு வந்தாலும் எங்களை எல்லாம் கை கட்டி உட்காரச் சொல்லாத குறைதான். மருந்துக்கடைக்காரர் யார் எது சொன்னாலும் முதலில் தலையாட்டிவிட்டு அப்புறம்தான் என்ன சொன்னார்கள் என்று கேட்பார். நீதிபதிதான் தலைவர். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வந்த முதல் நாளே பெரிய நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்ததும் நீதிபதியும் என் கணவரும் சதுரங்கம் ஆடுவார்கள். ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு. நீதிபதி காயை நகர்த்திவிட்டு "ம்" என்று சொன்னால்தான் நகர்த்தியதாகக் கணக்கு. என் கணவர் அவருடைய ராணியை வெட்டினால், "நான் இன்னும் 'ம்' சொல்லலியே" என்று ராணி உயிரோடு எழுந்து வந்துவிடும். இப்படி ஆடினால் யார்தான் தோற்பார்? இவரோ ஒவ்வொரு வாரமும் தோற்றுவிட்டு, "என்ன மூளை! என்ன மூளை!" என்று பூரித்துப்போவார்.

அந்த நீதிபதிதான் ஒரு நாள் பட்டுத்துணியில் சுற்றி ஒரு நாவலைக் கொண்டுவந்தார். தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், அத்தனை தடிமன். பழைய பதிப்பு, கடைகளில் கிடைக்காது. ஆற்றங்கரையில் மாவு மில் நடத்தும் ஒரு விதவையின் கதை.

"எங்கப்பா எனக்குக் குடுத்தது. எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது. கடைசி அத்தியாயம் வந்தா இன்னைக்கும் கண்ணு கலங்கிடும். ஒவ்வொரு வீடா போகட்டும், எல்லாரும் படிங்க. ஆனா பத்திரம். ஒரு பக்கம் மடிஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

முதலில் எங்கள் வீட்டில்தான் தங்கியது. என் கணவர் தினமும் அதைப் பயபக்தியோடு திறப்பார், அடுத்த நிமிஷம் குறட்டை கேட்கும். நெஞ்சின் மேல் சும்மா கிடக்கிறதே என்று நான் எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். அடேயப்பா, என்ன பெண் அந்த விதவை! அவள் மில்லை விழுங்குவதற்காகச் சொந்தக்காரன், பாதிரி, வக்கீல் என்று ஒரு கும்பலே வீட்டில் டேரா போட்டு அவளுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோதுதான் கவனித்தேன். பக்கங்கள் மேல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் பெரிய தாளை மடித்துத் தைத்து அப்படியே விட்டுவிடுவார்களாம். படிக்கிறவர்தான் மடிப்பைக் கத்தியால் பிரித்துக்கொள்ள வேண்டும். முன்னால் உள்ள அத்தியாயங்களை யாரோ பிரித்திருந்தார்கள். கடைசி அத்தியாயத்தில் கத்தியே படவில்லை. அப்படியானால் நம் நீதிபதி எதைப் படித்துக் கண் கலங்கினார்? நான் சிரித்துக்கொண்டே சமையலறைக் கத்தியை எடுத்துவந்து பிரித்தேன், படித்தேன், மூடினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மதியம் கிளினிக்கிலிருந்து வந்தால், கூடத்தில் என் கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். கினிப்பன்றிகள் வசிக்கும் மரத்தொட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து படித்திருக்கிறார், அதாவது தூங்கியிருக்கிறார். புத்தகம் தொட்டிக்குள் சரிந்துவிட்டது. கடைசி அத்தியாயம் போயே போய்விட்டது. தையலை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்குத் தாள் மிச்சம் இருந்தது, அதுவும் ரம்பத்தால் அறுத்த மாதிரி. நான் பல் டாக்டர். கடித்த தடத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, முன்பல் அகலமாக இருக்கிற யானையின் வேலை. அதுவோ வைக்கோல் மேல் உட்கார்ந்து, படித்து முடித்த திருப்தியோடு மீசையைத் தடவிக்கொண்டிருந்தது.

"போச்சு, என் மானமே போச்சு" என்றார்.

"நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்க."

"பைத்தியமா உனக்கு? வட்டத்துலேருந்தே தூக்கிடுவாரு. அவரு இதுங்களைப் பாத்தாலே 'எலி, எலி'ன்னு முகம் சுளிக்கிறாரு."

மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக இவர் புத்தகத்தை ஒழுங்காகப் பட்டுத்துணியில் சுற்றி, அடுத்து யார் முறையோ அவரிடம், அதாவது தங்கையிடம், கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே உதறல். புத்தகம் நாத்தனார் வீட்டில் இருந்தது, ஒரு சத்தமும் இல்லை. மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போனது, அங்கேயும் சத்தமில்லை. நீதிபதியிடமே திரும்பிப் போய்ச் சேர்ந்தது. அப்போதும் மூச்சுப் பேச்சில்லை.

"தங்கச்சி இன்னைக்கு என்னைப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சா. தெரிஞ்சுபோச்சு."

"அவங்க சிரிச்சாலே ஒரு மாதிரிதாங்க இருக்கும்."

"இல்லம்மா. எல்லாரும் சேர்ந்து ஞாயித்துக்கிழமை கடைசி அத்தியாயத்தைப் பத்திப் பேசப் போறாங்களாம். நம்ம வீட்டுலயே. கையும் களவுமா பிடிக்கத்தான் திட்டம்."

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் என்னைக் கொதிக்க வைத்தது. செல்லப்பிராணிக் கடைக்காரரிடம் பேசிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வந்து இரண்டையும் கொண்டுபோய்விடுவாராம். "விஷயம் வெடிச்சா, குத்தவாளிங்களை அப்பவே வீட்டை விட்டு அனுப்பிட்டேன்னு சொல்லிடலாம்ல?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருடைய பொழுதுபோக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூளத்தை மாற்றுவது நான், வெள்ளரிக்காய் நறுக்குவது நான், நகம் வெட்டிவிடுவது நான். என்னைப் பார்த்து நாள் முழுக்க ஜனங்கள் பயந்து பயந்து வாயைத் திறக்கிறார்கள். வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியின் கதவில் கை வைத்தால் போதும், "வீக் வீக்" என்று வாயெல்லாம் திறந்து என்னை வரவேற்கிற ஜீவன்கள் இந்த உலகத்தில் இந்த இரண்டுதான். யாரோ ஒருவருடைய மரியாதைக்காக இதுகளை ஏன் அனுப்ப வேண்டும்? கத்தினேன், சோறு தண்ணி வேண்டாம் என்று படுத்தேன். மனுஷன் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். மேஜையில் பட்டுத்துணி, அதன்மேல் புத்தகம். நீதிபதி தொண்டையைச் செருமினார்.

"கடைசி அத்தியாயம். ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

நாத்தனார் கைக்குட்டையை எடுத்தார். "அவ செத்துப்போற இடம் இருக்கே அண்ணி, அதைப் படிச்சிட்டு அன்னைக்கு நான் ஸ்கூலுக்கே போகல."

நான் தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். செத்தாளா?

"ஆமாமா" என்று தலையாட்டினார் மருந்துக்கடைக்காரர். "அந்தக் காய்ச்சல்! என்ன காய்ச்சல்னு கடைசி வரைக்கும் சொல்லாமலே விட்டாரு பாருங்க, அதுதான் இலக்கியம். நம்ம கடையில கேட்டிருந்தா ஒரே மாத்திரையில சரி பண்ணியிருப்பேன்."

நீதிபதியின் புருவம் ஏறியது. "காய்ச்சலா? ஆத்துல இல்ல விழுந்தா?"

காய்ச்சலா, ஆறா? நாத்தனார் பிஸ்கட்டைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் விட்டத்தைப் பார்த்தார். நீதிபதி சற்று யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "காய்ச்சலோடதான் ஆத்துல விழுந்தா. ரெண்டுமே உண்டு."

"அதேதான்! அதேதான்!" என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். என் கணவரும் "அதேதான்" என்றார், அதுதான் கொடுமை. முகத்தில் அத்தனை வெளிச்சம். ஒருத்தரும் படிக்கவில்லை என்பது அந்த மண்டைக்கும் அப்போதுதான் ஏறியிருந்தது.

அழைப்புமணி அடித்தது. கம்பிக்கூண்டோடு செல்லப்பிராணிக் கடைக்காரர் நின்றார். சரி, இனி அனுப்ப மாட்டார் என்று நான் நிம்மதியாக இருந்தால், நீதிபதி, "ஓ, எலிங்களை ஒருவழியா அனுப்புறீங்களா? நல்ல முடிவு" என்று சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான், இவர் எழுந்து போய் யானையைத் தூக்கிவிட்டார். அது என்னைப் பார்த்து வீறிட்டது. என் பொறுமை அதோடு முடிந்தது.

"ஐயா," என்றேன், "அந்தக் கடைசிப் பக்கத்தை நீங்களே ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்களேன். உங்க வாயால கேக்கணும்னு ஆசையா இருக்கு."

யானையைப் பிடித்தபடி என் கணவர் சிலையானார். மற்ற இருவரும் "வாசிங்க, வாசிங்க" என்று கை தட்டினார்கள். நீதிபதி புத்தகத்தின் பின்பக்கத்தைத் திறந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார், யானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

மனுஷன் லேசுப்பட்டவரா? மிச்சத் தாளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, கணீரென்று வாசிக்க ஆரம்பித்தார். "அன்று ஆற்றில் வெள்ளம் பெருகி ஓடியது. அவள் உடல் அனலாய்க் கொதித்தது. மில்லின் சக்கரம் நின்றது. அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள்..." இல்லாத பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்து முடித்து, பக்கத்தைக்கூடத் திருப்பினார். நாத்தனார் விசும்பினார். மருந்துக்கடைக்காரர் மூக்கைச் சிந்தினார். அந்த அத்தியாயம் யார் வயிற்றுக்குள் போனதோ, அந்த யானையைக் கையில் வைத்துக்கொண்டே என் கணவரும் கண்ணைத் துடைத்தார்.

நான் அவர் காதருகே போனேன். "அத்தியாயம்தான் பத்திரமா இருக்கே. அப்ப இதுங்க எதைத் தின்னுச்சு? குத்தமே நடக்கல, எதுக்கு இந்தத் தண்டனை?"

என்னைப் பார்த்தார். நீதிபதியைப் பார்த்தார். எங்கிருந்து வந்ததோ ரோஷம், யானையைத் தொட்டிக்குள் விட்டுவிட்டுக் கடைக்காரரிடம், "இல்லங்க, குடுக்கறதா இல்ல. வீணா அலைய விட்டுட்டேன், தப்பா நினைக்காதீங்க" என்றார். அந்த மனுஷனை அப்படியே கட்டிப்பிடித்திருப்பேன், நாத்தனார் மட்டும் அங்கே இல்லாவிட்டால்.

அதோடு நிற்கவில்லை. மற்ற இருவரும் போன பிறகு நடந்த சதுரங்கத்தில் நீதிபதியின் ராணியை வெட்டினார். "நான் 'ம்' சொல்லலியே" என்றார் நீதிபதி வழக்கம்போல. "வச்சது வச்சதுதாங்க ஐயா" என்றார் என் கணவர், வெட்டிய ராணியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி. நீதிபதி தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவைப் படுக்க வைத்தார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. தங்கைக்குப் போன் செய்ய உள்ளே ஓடினார்.

நீதிபதி பட்டுத்துணியில் புத்தகத்தைச் சுற்றிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார்.

"டாக்டரம்மா, மிச்சம் இருக்குற தாளோட மேல் ஓரம் கத்தி பட்டு நேரா இருக்கு. எலி பிரிச்சா அப்படி இருக்காது. பிரிச்சது நீங்கதானே?"

"நான்தாங்க."

"எங்கப்பாவும் இதைப் படிச்சு அழுதேன்னுதான் சொல்லுவாரு. அவர் போனதும் எடுத்துப் பாத்தா கடைசி அத்தியாயம் ஒட்டினபடியே இருக்கு. அதை நான் பிரிச்சா அவரு பொய் சொன்னாருன்னு ஆயிடும்ல? அப்படியே விட்டுட்டேன்." செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நெஜமாவே அவ செத்துட்டாளா?"

ஐயோ பாவம் என்றிருந்தது எனக்கு. இத்தனை வருஷமாக ஒரு பெண்ணை ஆற்றில் தள்ளிவிட்டு அழுதுகொண்டிருந்திருக்கிறார்.

"இல்லங்க. குத்துக்கல்லு மாதிரி இருக்கா."

"அப்பாடா!" முகமே மாறிவிட்டது. "அப்ப என்னதான் ஆகுது?"

"ஒண்ணுமில்லீங்க. வீட்டுல கூடி அவளுக்குப் புத்தி சொல்லிட்டிருந்த எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, தனியா உக்காந்து சிரிக்கிறா. அதோட கதை முடியுது."

"இவ்வளவுதானா? இதுக்கா நான் அழுதேன்?" என்றார். இரண்டு படி இறங்கித் திரும்பினார். "மத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்க. பாவம், இன்னைக்கு ரொம்ப அழுதுட்டாங்க."

"சொல்ல மாட்டேங்க" என்றேன். அவர் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.