இசோமுரா காலி செய்யச் சொன்ன வீடு

நிலநடுக்கத்தைத் தாங்கும் கோபுரங்களை ஜப்பானில் முதன்முதலாக எழுப்பியவர்களில் இசோமுராவும் ஒருவர். வயது எண்பதைத் தாண்டியபின் லண்டனில் மகளோடு இருந்தார். அந்நகரின் மிச்சம் என்ற பகுதியில் ஒரு பழைய மாடிக் குடியிருப்பின் சுவர்களில் வெடிப்பு விழுந்தபோது, அதை நடத்திய நிறுவனம் அவரை அழைத்தது. அவரிடம் வேலை பார்த்த பொறியாளர் ரஞ்சனாவும் கூடப் போனாள்.

சுவரைத் துளைத்துப் பார்த்தார்கள். தளத்தையும் சுவரையும் பிணைக்க வேண்டிய கம்பிகள் அங்கே இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாகச் சும்மா அடுக்கியிருந்தார்கள். யாராவது ஒருவர் வீட்டில் காஸ் வெடித்தால் போதும், ஒரு பக்கம் முழுவதும் சரிந்துவிடும். உடனே காலி செய்யுங்கள் என்றார் இசோமுரா.

எல்லோரும் போனார்கள். ஒன்பதாம் மாடியில் சண்முகராசா மட்டும் மறுத்தார். யாழ்ப்பாணத்தை விட்டு ஜெர்மனி, அதையும் விட்டு லண்டன் என்று வந்தவர். இதய நோயாளி. மனைவி சிவனேஸ்வரி கெஞ்சியும் மசியவில்லை.

இசோமுரா மாடிப்படிகளில் நின்று நின்று ஏறி வந்தார். கதவு திறக்கவில்லை.

"எத்தினை தரம் பிள்ளை எழும்பி ஓடுறது? செத்தால் இஞ்சையே சாகிறன்," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ரஞ்சனா மொழிபெயர்த்தாள். இசோமுரா கதவருகே தரையில் உட்கார்ந்து தன் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். அது தாங்காது என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். விடுமுறை வரட்டும் என்றார்கள் அதிகாரிகள். அதற்குள் நிலம் அசைந்தது. அவர் கட்டிய கோபுரங்கள் நின்றன. பள்ளிக்கூடம் விழுந்தது. அவருடைய மனைவி அங்கே ஆசிரியை.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"அவரை எழும்பச் சொல்லு பிள்ளை. நாங்கள் வாறம்."

அவர்களுக்கு விமான நிலையத்துப் பக்கம் ஒரு ஹோட்டல் அறை கிடைத்தது. சமைக்க வழியில்லை. ஜன்னலைத் திறக்க ஏலாது. பழகிய டாக்டரும் தூரமாகிவிட்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் காலையில் காலில் சப்பாத்து மாட்டக் குனிந்த சண்முகராசா நிமிரவே இல்லை.

இறுதிச் சடங்குக்கு இசோமுரா ரஞ்சனாவோடு வந்து கடைசி வரிசையில் நின்றார். சிவனேஸ்வரி நேராக அவரிடம் போனார்.

"அந்தக் கட்டடம் விழுந்திருக்குமோ எண்டு கேள் பிள்ளை."

இசோமுரா சொன்னதை ரஞ்சனா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "தெரியாதுங்கிறார் அம்மா. நாளைக்கே விழலாம். இன்னும் முப்பது வருஷம் நின்னாலும் நிக்கலாமாம்."

"திரும்பவும் இப்பிடி ஒரு வீட்டைப் பார்த்தால்?"

"காலி பண்ணத்தான் சொல்லுவாராம்."

சிவனேஸ்வரிக்குக் கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பெட்டியை மூடப்போகிறார்கள், பார்ப்பதென்றால் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். இசோமுரா போய்ப் பெட்டியின் முன் குனிந்து வணங்கினார். அவரால் தானாக நிமிர முடியவில்லை. ரஞ்சனாதான் பிடித்துத் தூக்கினாள்.

அன்று மாலை சிவனேஸ்வரி ஹோட்டலுக்குத் திரும்பினார். இனி அவர் எங்கே இருப்பது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.