படிக்கட்டின் ஏழு குமிழ்கள்

"உருளைக்கிழங்கும்மா அது! ஏழு தூணு, ஏழு கிழங்கு. இதுக்குப் போயி நாலு நாளா உக்காந்து சுரண்டுறியே!"

"மத்தியானம் வரைக்கும் நேரம் தரேன்னு சொன்னீங்கல்ல பெரியவரே? வெயில் இன்னும் முற்றத்துக்கே வரல."

"வரும், வரும். என் ரம்பத்துக்கு ஒண்ணும் அவசரமில்ல."

வான்மலையின் பனிமுடிகள் காலையொளியைத் தோளில் ஏந்தி நிற்க, அவற்றின் அடிவாரத்தில், உருகிய பனிநீர் சலசலத்தோடும் ஓடைகளின் இருமருங்கும் துளிர்விட்ட நெடுமரங்களோடு, காரகோல் நகரம் மே மாத விழாவுக்குத் தன்னை ஒப்பனை செய்துகொண்டிருந்தது. மதில்களுக்கு வெண்சுண்ணமும் வாயில்களுக்கு நீலமும் பூசி ஊரே புதுக்கோலம் பூண, ஆப்பிள் தோப்பை ஒட்டிய பழைய மரவீடு ஒன்றில் மட்டும் ஒரு பெண், முன்னோர் பூசியதையெல்லாம் களைந்துகொண்டிருந்தாள்.

அவள் பெயர் புருல். கீழ்ப்படியில் ரம்பத்தை மடிமேல் கிடத்தி அமர்ந்திருந்தவர் அவள் கணவனின் தமையன் எசென்குல். கணவன் வீட்டு மூத்தவர் பெயரை மருமகள் சொல்லலாகாது என்பது அம்மலைநாட்டு மக்களின் வழக்கு. ஆதலின் ஒன்பது ஆண்டுகளாக அவர் அவளுக்குப் 'பெரியவர்'. சென்ற குளிர்காலத்தில், முற்றத்துப் படிக்கட்டின் ஆடிப்போன கைப்பிடியை நம்பிப் பற்றிய அவர் மனைவி சுயும்கான் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்ள, மரம் அழுகிவிட்டது, இனி இரும்புதான் என்று அவர் தீர்ப்பளித்தார். புருலோ, ஒருநாள் கொதிகெண்டியை அக்கைப்பிடியின்மேல் வைத்தபோது பூச்சு கொப்புளித்து உரிந்து, அடியில் தேன்நிற மரம் நகத்தளவு மின்னியதைக் கண்டிருந்தாள். அழுகவில்லை என்றாள். கணவன் தொலைநாட்டில் கட்டடம் எழுப்பிக்கொண்டிருக்க, அவ்வீட்டில் அவள் சொல்லுக்குத் துணைநிற்பார் எவருமில்லை. அச்சொல் ஒருமுறையேனும் நிற்குமானால் இங்கே நிற்கட்டும், இல்லையேல் இனி எதற்கும் வாய்திறப்பதில்லை என்று தனக்குள் உறுதி பூண்டிருந்தாள்.

வெப்பக்காற்றுக் குழலை அவள் மெல்ல அசைக்க, பூச்சு பாலாடைபோல் சுருங்கி எழும்ப, அகன்ற சுரண்டியால் அதனை வழித்தெடுத்தாள். விழாவுக்கு முன் ஆண்டுதோறும் பூசவேண்டும் என்பது முறை. பழையதைச் சுரண்டிவிட்டுப் பூசவோ எவருக்கும் பொழுதிருந்ததில்லை. ஆகவே பழுப்பின் கீழ்ப் பச்சையும், பச்சையின் கீழ் ஏரிப் படகுகளுக்கென வந்து மிஞ்சிய சாம்பல்நிறப் பூச்சும், அதன்கீழ்ச் செங்காவியுமாக, ஆற்றங்கரை மண்ணடுக்குகள்போல் எண்பது வேனில்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்திருந்தன. கைப்பிடியைத் தாங்கிய மரக்கம்பிகளெல்லாம் தூய்மையாயின. எஞ்சியவை தூண்களின் தலையிலிருந்த உருண்டைக் குமிழ்கள். முதற் குமிழின் செங்காவி நெகிழ்ந்து நழுவிய கணத்தில் அவள் கை அப்படியே நின்றது.

"பெரியவரே, கொஞ்சம் மேல வாங்க."

"எதுக்கு? அழுகலப் பாக்கவா?"

"இது நம்மளப் பாக்குது."

அவர் ஏறிவந்தார். குமிழன்று அது, ஒரு மலைக்கவுதாரி. சிறு அலகும், கழுத்தைச் சுற்றிய வளைகோடும், மார்பில் மயிரிழையென நுணுகிய இறகுகளும், நேற்றுத்தான் உளி விலகியதுபோல் கூர்மையாயிருந்தன. அவள் அடுத்ததைத் திறந்தாள். அது சிறகினுள் தலைபுதைத்து உறங்கிற்று. மூன்றாவது இறகு கோதிற்று. நான்காவது, பின்தங்கிய தோழரைத் தேடுவதுபோல் திரும்பிப் பார்த்தது. ஒன்றேபோல் மற்றொன்றில்லை. பெயர் தெரியாத ஒரு தச்சன், ஏறுவோர் உள்ளங்கைக்கென்று, ஒரு கூட்டத்தையே படிவழி மேலேற விட்டிருந்தான்.

கதவருகே வந்து நின்ற சுயும்கான் வாயில் கைவைத்தாள். "என்னங்க இது! நாப்பது வருஷமா இதுங்க தலையப் புடிச்சா ஏறிக்கிட்டிருந்தோம்? ஆட்டுமந்தையில எந்தக் குட்டி எதுன்னு தூரத்துலயே சொல்லுவீங்களே, வீட்டுல இருந்தது கண்ணுக்குத் தெரியலயாக்கும்!"

"நீ மட்டும் பாத்தியா?" என்றார் அவர், ஆனால் குரலில் சினமில்லை.

ஆறாவதும் வெளிப்பட்டபோது வெயில் முற்றத்தை நிறைத்திருந்தது. அவர் கத்தியை எடுத்துத் தூணின் அடியில் முனையை அழுத்தினார், இறங்கவில்லை. கம்பிதோறும் அழுத்தினார், எங்கும் இறங்கவில்லை. பின்பு குனிந்து தூணை அசைத்து, அது படியில் பொருந்தும் இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"மரம் கல்லாட்டம் இருக்கு. அடியில ஆப்புதான் சுருங்கிப்போச்சு. புதுசு செதுக்கி அடிச்சா ஆடாது." கத்தியை மடக்கிக்கொண்டே, "நீ சொன்னதுதான் சரி" என்றார்.

புருல் பூச்சு நெடிக்கு அணிந்திருந்த முகமூடியைக் கழற்றினாள். கண் கலங்கியதற்குப் புகை காரணமென்று எவரும் நினைத்துக்கொள்ளலாம்.

உற்று நோக்காமல் பூசிய கைகளே அப்பறவைகளை மறைத்தன. பனியும் புழுவும் அணுகாமல் காத்தவையும் அக்கைகளே. தாம் காப்பது இன்னதென்று அறியாமலே மாந்தர் எத்தனையோ அழகுகளைத் தலைமுறை தலைமுறையாய்ச் சுமந்து செல்கின்றனர். ஒருவரேனும் நின்று பார்க்கும் நாளில்தான் அவை மூச்சுவிடுகின்றன.

படியின் உச்சியில் ஏழாவது தூண் இன்னும் பழுப்பினுள் மூடுண்டு கிடந்தது. புருல் குழலை எடுத்துக்கொண்டு அதனருகே மண்டியிட்டாள். எசென்குல் தொப்பியைக் கழற்றி, ஒரு படி கீழேயே தயங்கி நின்றார்.

"புருல், அந்தக் கடைசி ஒண்ண மட்டும் நான் திறக்கட்டுமா?"