அனுப்புநர்

என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று முதலில் எவன் சொன்னானோ, அவன் நாசமாய்ப் போக. அது மட்டும் இல்லையென்றால் இந்தப் பாவம் என் தலையில் விழுந்திருக்காது.

துபாய் சோனாப்பூரில் எங்கள் கம்பெனி கேம்ப்பில் மூன்று பிளாக். மூன்றாவதில் இருப்பவர்கள் எல்லாரும் ஆப்பிரிக்கக்காரர்கள், கென்யா, உகாண்டா, கானா என்று நாற்பத்தாறு பேர். ஜூன் மாதம் அங்கே ஏசி நின்றது. ஆகஸ்ட் வரைக்கும் ஒருத்தனும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் குளியலறைத் தரையில் தண்ணீரைக் கொட்டி அதிலேயே படுத்தார்கள். எங்கள் பிளாக்கில் ஏசி நின்றால் சாயங்காலமே மெக்கானிக் வந்துவிடுவான். அது எப்படி என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. ஐயோ பாவம் என்றோம், போர்த்திக்கொண்டு தூங்கினோம்.

வன்யாமா கென்யாக்காரன். என்னோடு ஒரே சைட்டில் சாரம் கட்டுகிறவன். மத்தியான ஓய்வில் நிழலில் கிடந்தபடி, சைட்டில் பேசுகிற அரைகுறை இந்தியில், கறுப்பு ஜனங்களின் சரித்திரம் சொல்வான். அமெரிக்காவில் ஓர் ஊரில் வெள்ளைக்காரனுக்கு எழுந்து இடம்விடச் சொன்னதற்காக, இனி பஸ்ஸே ஏறமாட்டோம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தே வேலைக்குப் போனார்களாம். சமையல் வேலை செய்த பெண்கள் பலகாரம் விற்று அந்தப் போராட்டத்துக்குக் கொடுத்தார்களாம். யார் தலைவர் என்று கேட்டேன். போலீஸும் முதலில் இதைத்தான் கேட்கும் என்று சிரித்தான். பேப்பரில் வந்தது நாலைந்து பேர், நடந்தது ஊர் முழுக்க என்றான். அதெல்லாம் சரிதான், இங்கே பஸ்ஸே கம்பெனியுடையது, ஏறாமல் நின்றால் மறுநாள் ஊருக்கு டிக்கெட் என்றேன். அவனுக்கும் அது தெரியும்.

அதனால் மனு எழுதுவது என்று மூன்றாம் பிளாக்கில் கூடி முடிவெடுத்தார்கள். இரண்டு கட்டுப்பாடு. பேர்களை வட்டமாகத்தான் எழுதவேண்டும், முதல் ஆள் யார், கடைசி ஆள் யார் என்று எவனுக்கும் தெரியக்கூடாது. ஒருத்தனைக் கூப்பிட்டால் எல்லாரும் போகவேண்டும். எழுத ஆள் வேண்டியபோது வன்யாமா என்னைத் தேடி வந்தான். என் ரூமில் இருக்கிற அருள்ராஜ், வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விடாதே என்றான். நான் கேட்கவில்லை. அவர்கள் இங்கிலீஷில் கிறுக்கிவைத்திருந்ததைப் பார்த்து முத்து முத்தாக எழுதிக்கொடுத்தேன். கீழே அவர்கள் வட்டமாகக் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன், நாற்பத்தேழாவதாக.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, அவர்களுக்கு ஓவர்டைம். ஆபீஸில் கொடுக்கும் பொறுப்பு என்னுடையதானது. போவதற்கு முன் ஒரு தடவை படித்தேன். மேலே மொட்டையாக இருந்தது. அனுப்புநர் இல்லாத மனு ஒரு மனுவா? கமுதி பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். அனுப்புநர் போடாததால் அம்மாவின் முதியோர் பென்ஷன் மனுவைத் தாலுகா ஆபீஸில் என் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு பேர் பாடுபட்டது ஒரு வரியால் வீணாகக்கூடாது என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. இடது ஓரத்தில் 'ஃப்ரம்' என்று எழுதி, அதன் கீழே வன்யாமா, மூன்றாம் பிளாக், பன்னிரண்டாம் ரூம் என்று போட்டேன். வேறு யார் பேரும் எனக்குச் சரியாக எழுத வராது. நல்லது செய்த திருப்தியோடு கொடுத்துவிட்டு வந்து கறிச்சோறு தின்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் கிளம்பும் நேரத்தில் கேம்ப் பாஸ் சாதிக் பாட்ஷா வந்தார். கீழக்கரைக்காரர், கெட்டவர் இல்லை. வன்யாமா மட்டும் இறங்கவேண்டும், விசா கேன்சல், இன்றைக்கு ராத்திரி ஃப்ளைட் என்றார். அவன் இறங்கியதும் மற்ற நாற்பத்தைந்து பேரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். எங்கள் எல்லாருடைய மனுதான் அது என்று அவர்கள் சொன்னார்கள். அவர் காகிதத்தை நீட்டினார். மனு போட்டது இந்த ஒருத்தன், மற்றதெல்லாம் சாட்சிக் கையெழுத்து என்று ஆபீஸில் முடிவுகட்டிவிட்டார்களாம்.

வன்யாமா அதை வாங்கிப் படித்தான். மேலே இருந்த அந்த மூன்று வரியையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் முன்னால் போய், அந்தப் பேரை அவன் எழுதவில்லை, யாரும் சொல்லாமல் நானாகத்தான் எழுதினேன், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று சாதிக் பாட்ஷாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆபீஸ்ல ஒரு பேரு கேக்குறாக, கார்மேகம். அவன் பேர அடிச்சிட்டு ஒன் பேர எழுதட்டுமா? சொல்லு, எழுதிப்புடுறேன்."

பேனாவை எடுத்தும்விட்டார். என் மகள் சந்தியா நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அதை நினைத்துத்தான் வாய் வரவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அந்த நேரத்தில் எதையும் நினைக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் தமிழ் வன்யாமாவுக்குப் புரியாது. பேனா புரிந்திருக்கும்.

"கலாஸ், முடிஞ்சுபோச்சு பாய். பேரு சரியாத்தான் இருக்கு. நீ போய் பஸ்ல ஏறு" என்று இந்தியில் என்னிடம் சொன்னான். தன் ஆட்களிடமும் வேகமான இங்கிலீஷில் என்னவோ சொன்னான். வெகுநேரம் நின்றார்கள். கடைசியில் ஒவ்வொருவராக அவனைக் கட்டிப்பிடித்துவிட்டு ஏறினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஏறி உட்கார்ந்தது நான்தான்.

அன்றைக்கு மத்தியானமே மெக்கானிக் வந்து மூன்றாம் பிளாக் ஏசியைச் சரிசெய்துவிட்டான். இரண்டு மணி நேர வேலைதானாம். வெறுமையாகக் கிடந்த பிளாக்கில் வன்யாமா மட்டும் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்திருக்கிறான். ஏர்போர்ட் வேன் வந்து ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை. வாட்ச்மேன் உள்ளே போய்ப் பார்த்தால், வாயைத் திறந்து அப்படி ஒரு தூக்கம். இரண்டரை மாதத்தில் அவன் தூங்கிய முதல் தூக்கம் அது, எழுப்பக் கை வரவில்லை என்று என்னிடம் சொன்னார்.